பூங்கோதையின் காலடிப் புல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மழை வர மறந்துபோன ஒரு நாடு இருந்தது. வெண்மணல் நாடு என்று பெயர். அங்கே ஒட்டகங்கள் பேசும். மனிதர்கள்தான் அதிகம் பேச மாட்டார்கள், வாய் உலர்ந்துவிடும் என்று.

அங்கே சாத்தையன் என்றொரு ஒட்டகக்காரன் இருந்தான். அவன் மனைவி பூங்கோதை ஆற்றங்கரை நாட்டுப் பெண். கல்யாணமாகி வரும்போது அவள் நகை கொண்டுவரவில்லை. ஒரு சுருக்குப்பையில் மூன்று கைப்பிடி புல் விதை கொண்டுவந்தாள்.

"முற்றம் முழுக்கப் புல் வளர்த்து, வெறுங்காலோட நடக்கணும்" என்று அவள் ஒருநாள் சொன்னது, மணலை ஆண்ட மந்திரவாதி வறள்மாயன் காதில் விழுந்தது. புழுதியாகச் சுழன்று வந்து முற்றத்தில் நின்றான்.

"என் மணலில் பச்சையா? நின்ற இடத்திலேயே கல்லாகப் போ! இந்த முற்றத்தில் விதைத்து, இங்கேயே முளைத்த புல் உன் பாதத்தைத் தொடும்வரை கல்லாகவே நில்!"

முற்றத்து நடுவில் பூங்கோதை கல்லானாள்.

சாத்தையன் முதல் கைப்பிடியை எடுத்தான். அந்த நாட்டில் அருமையான பொருளைக் காற்று கொண்டுபோகாதபடி ஆழமாகப் புதைப்பார்கள். அவனும் முற்றம் முழுக்க முழங்கை ஆழத்துக்குத் தோண்டி விதையைப் புதைத்தான். தினமும் தண்ணீர் விட்டான். ஒரு வருஷம் போனது.

வறள்மாயன் வந்தான். "முளைத்ததா?"

"முளைக்கவில்லை."

"முளைக்காது" என்று சிரித்துவிட்டுப் போனான்.

இரண்டாவது கைப்பிடியைச் சாத்தையன் மேலாகத் தூவினான். தண்ணீர் எப்படி விடுவது என்று தன் ஒட்டகம் மொட்டையிடம் கேட்டான்.

"எனக்குக் கொடுக்கிற மாதிரிதான். ஒரே தடவையில் வயிறு நிறையக் கொடு. அப்புறம் எட்டு நாள் கேட்கவே மாட்டேன்."

பத்துத் தோல்பைத் தண்ணீரைக் கொட்டினான். பாதி விதை மிதந்து போய் மூலையில் ஒதுங்கியது. மீதி, ஐந்தாம் நாள் பச்சை நூல் மாதிரி தலை நீட்டியது. "பூங்கோதை, பாரேன்!" என்று கத்தினான். அவள் பாதத்தை எட்டுமுன்பே, ஏழாம் நாள் வெயிலில் எல்லாம் கருகிவிட்டது. ஒன்றுமே முளைக்காமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முளைத்தது என்று சொல்லவே அவனுக்கு மனம் வரவில்லை.

வறள்மாயன் வந்தான். "முளைத்ததா?"

"முளைக்கவில்லை."

"முளைக்காது."

அதன்பிறகு சாத்தையன் வெகுநாள் விதைக்கவே இல்லை. பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சமைப்பான். ஒரு பங்கை மூடி வைப்பான். சாயங்காலம் அவள் கண்ணில் படிந்த மணலைத் துணியால் துடைப்பான். சந்தையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பான், பாதியில் நிறுத்திவிடுவான். தலை நரைத்தது.

வெயில் தணிந்த ஐப்பசியில் ஒருநாள் காலை சுருக்குப்பையை அவிழ்த்தான். அடியில் ஓட்டை. எறும்புகள் எடுத்துப் போனது போக ஒரு சிட்டிகைதான் மிச்சம். அப்படியே அவள் காலடியில் விழுந்தான். கன்னத்தில் ஈரம் பட்டது.

"அழுதே மணலை நனைச்சிட்டியா?" என்றது மொட்டை.

"நான் அழவில்லை. அழுது தீர்ந்து ரொம்ப நாளாச்சு."

நிமிர்ந்து பார்த்தான். விடியற்காலைக் குளிரில் கல்லின்மேல் பனி பூத்து, தோள் வழியாக, கை வழியாக, ஒவ்வொரு துளியாக அவள் பாதத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலில் பார்த்தான். முற்றமெல்லாம் கொதிக்க, அவள் நிழல் அந்தப் பாதத்தடியில் மட்டும் சுருண்டு கிடந்தது.

இத்தனை நாள் முற்றம் முழுவதையும் பச்சையாக்கப் பார்த்தான். அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டு பாதமளவு இடம்.

அவள் பாதத்தடி மணலில் ஒட்டகச் சாணத்தைப் பொடித்துக் கலந்தான். சிட்டிகை விதையைத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினான். வீட்டுக் கூரையிலிருந்து கோரையைப் பிய்த்து மேலே பரப்பினான். காற்று அதைக் கொண்டுபோகக் கொண்டுபோக, மறுபடி மறுபடி பிய்த்தான். தன் குடிதண்ணீரை, காய்ச்சல்காரர் உதட்டை நனைப்பது போல, ஒரு நாளைக்கு ஐந்து தடவை விரலால் தெளித்தான்.

மூன்று நாள் போனது. ஆறு நாள் போனது. ஒன்பது நாள் போனது. கோரையை விலக்கிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மொட்டைகூடக் கேலி பேசவில்லை.

பத்தாம் நாள் வறள்மாயன் வந்தான்.

"முளைத்ததா?"

சாத்தையன் வாயைத் திறந்தான். நாக்கு உலர்ந்திருந்தது.

"முளைக்காது" என்று மந்திரவாதி கையை ஓங்கினான்.

"முளைச்சிருக்கு" என்றது ஒரு பெண் குரல்.

கோரைக்கு அடியில் ஒரு கால்விரல் அசைந்தது. அதை உரசிக்கொண்டு ஊசி போல ஒரு புல் நின்றது. வறள்மாயன் ஓங்கிய கை மணலாய் உதிர்ந்தது. பிறகு தோள், பிறகு தலை. காற்று அவனை அள்ளிக்கொண்டு போனது.

பூங்கோதை நெடுநேரம் குனிந்து புல்லையே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"என்னங்க, தலையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு?"

அவன் அவள் கண்ணோரம் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டான். அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, கூரையைக் காணோமே! எங்கேங்க?"

"உன் காலடியில்" என்றான் சாத்தையன்.