வெடுக்கி அணிலின் மூன்று மறைவிடங்கள்

இலுப்பைக் காட்டில் மொந்தன் என்ற கரடி ஒரு மரப்பொந்துக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த பருப்பை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். பொந்து அவனுடையது அல்ல. பருப்பும் அவனுடையது அல்ல. அதைச் சேர்த்து வைத்தவள் வெடுக்கி என்ற அணில். அவள் மேல்கிளையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய் மொந்தா! அது என் பிள்ளைகளுக்கு வச்ச சாப்பாடு!"

"அப்படியா? ருசியாத்தான் இருக்கு!" என்று வாயைத் துடைத்துக்கொண்டான் மொந்தன்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாசி பிறந்ததும் எல்லாரும் கோடைக்கு வேண்டியதை ஒளித்து வைப்பார்கள். பசித்தவர் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை எடுத்தால், அதே இடத்தில் வேறு ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும். முயல் பருப்பை எடுத்தால் கிழங்கை வைக்கும். முள்ளம்பன்றி கிழங்கை எடுத்தால் நெல்லிக்காயை வைக்கும். தேடுகிறவர் திண்டாடக் கூடாதே என்று எல்லாரும் மூன்றே வகை இடத்தில்தான் ஒளிப்பார்கள். மரப்பொந்து, கல்லுக்கு அடி, வேர் இடுக்கு. நல்ல வழக்கம்தான், நல்லவர்கள் மட்டும் இருக்கும் வரை!

மொந்தன் அந்த வழக்கத்தில் பாதியை மட்டும் படித்தவன். எடுப்பான். வைக்கமாட்டான்.

"எடுத்தே இல்ல? வழக்கப்படி எதையாவது வச்சுட்டுப் போ!" என்றாள் வெடுக்கி.

"வச்சிருக்கேனே! கீழே பார், என் கால்தடம்!"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எவ்வளவு திமிர் பாருங்கள்!

வெடுக்கிக்கு இரண்டு குட்டிகள். நேற்றுதான் கண் திறந்தன. முதல் மழைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது. அவள் ஒளித்ததில் இரண்டு இடம் ஏற்கெனவே காலி. ஒரே ஓர் இடத்தில் கொஞ்சம் பருப்பும், கொஞ்சம் காய்ந்த இலந்தைப்பழமும், கொஞ்சம் மூங்கிலரிசியும் மிச்சம் இருந்தன. அதுவும் போனால் அவளுக்குப் பால் சுரக்காது. பிள்ளைகள் பிழைக்காது.

அன்று மாலை சுனைக்கரையில் எல்லா மிருகமும் தண்ணீர் குடிக்கக் கூடின. எல்லாருக்கும் இதே கதைதான். ஆனால் எல்லாரும் முணுமுணுத்தார்களே தவிர, வாய்விட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை.

"பலசாலி, அம்மா. அவனோட நமக்கேன் வம்பு?" என்றது பம்மி என்ற முயல்.

"நாம வம்புக்குப் போகலை, பம்மி அண்ணே. வம்புதான் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகுது!" என்றாள் வெடுக்கி.

அந்த நேரம் மொந்தன் தண்ணீர் குடிக்க வந்தான். எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வெடுக்கி ஒதுங்கவில்லை. அவன் மூக்குக்கு நேராக ஒரு பாறைமேல் ஏறி நின்றாள்.

"மொந்தா! என்கிட்ட கடைசியாக் கொஞ்சம் சரக்கு இருக்கு. அதை மூணு பொதியாக்கி மூணு இடத்துல ஒளிக்கப்போறேன். எங்கே இருக்குன்னு நானே வாயால சொல்லுவேன். மூணு நாள் தேடு. ஒண்ணு கிடைச்சாலும் மூணையும் எடுத்துக்கோ!"

"கிடைக்கலைன்னா?"

"இதுவரை தின்னதுக்கெல்லாம் பதில் வைக்கணும். மழை வர்ற வரைக்கும் தினமும் எங்க எல்லாருக்கும் கிழங்கு தோண்டி வைக்கணும்! உன் நகத்துக்கு அது ஒரு வேலையா?"

மொந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இடத்தையும் சொல்லிட்டு ஒளிக்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்! வெயில்ல மூளை உருகிடுச்சா உனக்கு? சரி, ஒத்துக்கிட்டேன்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டோம்!" என்றது சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. "ஒளிக்கிறதை நான் கூட இருந்து பார்ப்பேன். அவ பொய் சொன்னா நானே காட்டிக் கொடுப்பேன்!"

மொந்தன் போனதும் பம்மி ஓடிவந்தது.

"பைத்தியமா உனக்கு? பிள்ளைகள் சாப்பாட்டை வச்சா பந்தயம் கட்டுவே?"

"கட்டலைன்னா மட்டும் விட்டுடுவானா? நாளைக்கோ நாளான்னைக்கோ மோந்து பார்த்து எடுத்துட்டுத்தான் போவான். போறதுதான் போகுது, அவனைக் கொஞ்சம் அலைய விட்டுட்டுப் போகட்டும்! எனக்கு மண் பிசைய ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

பம்மி நாலு பக்கமும் பார்த்தது. "வர்றேன். ஆனா நான் வந்தது அவனுக்குத் தெரியவே கூடாது!"

வெடுக்கி சும்மா வாயாடி அல்ல. பறிகொடுத்த ஒவ்வொரு தடவையும் மேலே நின்று கத்தினாளே, அப்போதெல்லாம் மொந்தன் எப்படித் தேடுகிறான் என்று பார்த்துக்கொண்டும் இருந்தாள். கறையான் புற்றைக் கண்டால் கரடி என்ன செய்யும்? முதலில் "ஃபூ" என்று ஊதும். மண் பறந்ததும் உறிஞ்சும். மொந்தன் எல்லா இடத்திலும் அதையேதான் செய்தான். பொந்தானாலும் கல்லானாலும் முதலில் ஊது, அப்புறம் மோந்து பார்!

மறுநாள் முழுக்க வேலை நடந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் தேடல் ஆரம்பித்தது.

"முதல் பொதி இந்த மருதமரத்துப் பொந்துக்குள்ளே இருக்கு" என்றாள் வெடுக்கி, மேல்கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டே.

மொந்தன் நேரே பொந்துக்குள் முகத்தை நுழைத்தான். "ஃபூ!" என்று ஊதினான். வெடுக்கி உள்ளே கொட்டி வைத்திருந்த மக்கல் தூசி அத்தனையும் அவன் மூக்கில் ஏறியது. "அச்சூ! அச்சூ!" என்று தும்மினான். தும்மித் தும்மி மூக்கு அடைத்துக்கொண்டது. அப்புறம் எந்த வாசனையைக் கண்டான்? கையை விட்டு அடிவரைக்கும் துழாவினான். நகத்தால் பிராண்டினான். பழைய இலை வந்தது. ஒரு பல்லி வந்தது. பொதி மட்டும் வரவில்லை.

"பொய்! உள்ளே ஒண்ணும் இல்லை!"

"இருக்கு. நான் பார்த்தேன்" என்றது சிலுப்பன்.

இருந்ததுதான். பொந்தின் அடியில் அல்ல. வாய்க்கு மேலே, உள்பக்கக் கூரையில், வேப்பம்பிசினால் கெட்டியாக ஒட்டியிருந்தது. பொந்துக்குள் கையை விடுகிற எவரும் கீழேதான் துழாவுவார்கள். தலைக்கு மேலே யார் பார்க்கிறார்கள்? மொந்தன் பொழுது சாயும்வரை பிராண்டிவிட்டு, சிவந்த மூக்கோடு போய்ச் சேர்ந்தான்.

இரண்டாம் நாள் வெடுக்கி அவனைப் பாறைமேட்டுக்கு அழைத்துப் போனாள். சின்னதும் பெரியதுமாக அங்கே நூறு கல் கிடந்தது.

"இரண்டாவது பொதி இந்த மேட்டுலதான் இருக்கு. தேடு!"

"கல்லுக்கு அடியில! எனக்குத் தெரியாதா?"

மொந்தன் ஒரு கல்லைத் தூக்கினான். அடியில் பார்த்தான். கல்லை வீசினான். அடுத்த கல்லைத் தூக்கினான். பார்த்தான். வீசினான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவனும் விடவில்லை. தூரத்துப் புதருக்குள் இருந்து பம்மி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கல் பறக்கும்போதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஏன் தெரியுமா? அந்த நூறு கல்லில் ஒன்று கல்லே இல்லை! இலந்தைப்பழத்தை நொச்சி இலையில் சுற்றி, மேலே களிமண் பூசி, உருட்டி, வெயிலில் காயவைத்த உருண்டை அது. நொச்சி வாடை உள்ளே இருந்த பழவாசனையை அமுக்கிவிட்டது. மொந்தன் அதையும் கையில் எடுத்தான். அடியில் குனிந்து பார்த்தான்.

"இங்கேயும் இல்லை!" என்று கத்திவிட்டு அதையே தூக்கி எறிந்தான்.

உருண்டை உருண்டு வந்து வெடுக்கியின் காலடியில் நின்றது. அதில் ஒரு விரிசல். விரிசலில் சிவப்பாக ஒரு பழம் தெரிந்தது. வெடுக்கிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. சட்டென்று அதன்மேல் ஏறி, விரிசலை மறைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மொந்தா, களைச்சுப் போச்சா? நானும் கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்!"

"உன் வாயை முதல்ல மூடு!"

"அது மட்டும் நடக்காது!" என்றாள் வெடுக்கி. அன்று சூரியன் இறங்குவதற்குள் மொந்தனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் அவன் கோபமாக வந்தான். "எங்கே கடைசிப் பொதி?"

"நீ தினமும் போய் நிக்கிற இடத்துல!"

மொந்தன் தன் குகைக்கு ஓடினான். அங்கே இல்லை. சுனைக்கு ஓடினான். இல்லை. தேனடை மரத்துக்கு ஓடினான். புற்றுக்கு ஓடினான். எங்கும் இல்லை. வியர்த்துக் கொட்டியது. முதுகு அரித்தது. அரித்தால் அவன் எங்கே போவான்? காட்டோரத்தில் ஒரு பெரிய வேங்கைமரம் உண்டு. அதில் முதுகைத் தேய்ப்பதுதான் அவனுக்கு வழக்கம். அன்றும் போய்த் தேய்த்தான். "ஆகா, ஆகா" என்று கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தான். மறுபடி ஓடித் தேடினான். மறுபடி வந்து தேய்த்தான்.

அந்தப் பட்டையின் வெடிப்புக்குள்தான் மூங்கிலரிசி முழுவதும் செருகி இருந்தது! மரம் முழுக்க மொந்தனின் முடியும் மொந்தனின் நாற்றமும். தன் நாற்றம் தன் மூக்குக்கு ஏறுமா? ஆறு தடவை சாய்ந்து தேய்த்தான். ஆறு தடவையும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. எல்லா மிருகமும் வேங்கைமரத்தடியில் கூடின.

"தோத்துட்டே, மொந்தா!" என்றாள் வெடுக்கி. "நாளையில இருந்து கிழங்கு தோண்டு!"

மொந்தன் பல்லைக் காட்டி உறுமினான். "பந்தயமா? எந்தப் பந்தயம்? மரியாதையா மூணு இடத்தையும் சொல்லு! இல்லைன்னா உன் கூட்டைப் பிச்சு எறிவேன், பிள்ளைகளோட!"

கூட்டம் அப்படியே உறைந்தது. ஆனாலும் வெடுக்கி பின்வாங்கவில்லை.

"பிச்சுப் பாரு! என்னைத் தாண்டிப் போய்ப் பிச்சுப் பாரு! உன் பாதத்துல ஒரு விரல் அளவுகூட இல்லை நான். ஆனா நகர மாட்டேன்!"

அப்போது யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. புதருக்குள் இருந்து பம்மி துள்ளி வந்து அவள் பக்கத்தில் நின்றது. பயத்தில் காது இரண்டும் ஆடின. வாய் மட்டும் பேசியது.

"அந்தக் களிமண்ணைப் பிசைஞ்சது நான்தான்! அவளைத் தொடணும்னா என்னையும் தொடு!"

சிலுப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றது. "பிசினைச் சுமந்தது நான். என்னைத் தொட்டுப் பார், கை எப்படி இருக்குன்னு அப்புறம் சொல்லு!"

மான் வந்தது. மயில் வந்தது. ஒவ்வொருவராக எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். சுனைக்கரையில் முணுமுணுத்த அதே கூட்டம்தான். இப்போது ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

மொந்தன் ஓரடி பின்னால் போய் வேங்கைமரத்தில் சாய்ந்தான்.

"இடம்தானே தெரியணும்? சொல்றேன்!" என்றாள் வெடுக்கி. "ஒண்ணு பொந்தோட கூரையில. ஒண்ணு நீயே கையில எடுத்துத் தூக்கி எறிஞ்ச கல்லுக்குள்ளே. ஒண்ணு இப்ப நீ சாஞ்சு நிக்கிற பட்டைக்குள்ளே!"

மொந்தன் திடுக்கிட்டுத் திரும்பினான். பட்டையில் இருந்து மூங்கிலரிசி நாலு மணி உதிர்ந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஐயோ, இடத்தைச் சொல்லிட்டியே!" என்று பதறியது பம்மி.

"சொன்னா என்ன அண்ணே? இந்த மூணு போனா முந்நூறு இடம் யோசிக்க எனக்குத் தெரியும். இனிமே நான் மட்டும் இல்லை, இந்தக் காடே புதுசு புதுசா ஒளிக்கும். மொந்தா, உன் மூக்கும் நகமும் தேஞ்சு போற வரைக்கும் தேடு! பசியில நீதான் சுருண்டு விழுவே. வழக்கப்படி வச்சா, நீயும் வழக்கப்படி எடுத்துக்கலாம். என்ன செய்யப்போறே?"

மொந்தன் வெடுக்கியைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். முந்தின நாள் தூக்கிப்போட்ட கல்லெல்லாம் இடுப்பில் வலித்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் விடிந்தது. மருதமரத்தடியில் ஈர மண்ணோடு ஒரு குவியல் வள்ளிக்கிழங்கு கிடந்தது. பக்கத்தில் மொந்தன் நகத்தில் மண்ணோடு உட்கார்ந்திருந்தான். வெடுக்கி இறங்கி வந்து ஒரு கிழங்கைக் கடித்துப் பார்த்தாள். பிறகு குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"போதுமா?" என்று உறுமினான் மொந்தன்.

"முயல் வீட்டுக்கு எங்கே? எழுந்திரு, போய்த் தோண்டு!" என்றாள் வெடுக்கி.

அநியாயத்துக்குத் தலைகுனிந்தால் உள்ளதும் பறிபோகும். நிமிர்ந்து நின்று புதிதாக யோசிப்பவரை எந்தப் பலசாலியாலும் பட்டினி போட முடியாது.