வடிவுக்கு ஒரு இலை

உப்பாற்று ஓரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பு, ஒரு கிணறு, நாலு வேப்பமரம், அவ்வளவுதான். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலைக்குப் போவதற்குப் பதிலாக இங்கே வந்து உட்கார்ந்தவர்.

அவருக்கு வாய்த்த ஒரே சீடர் வெயிலுமுத்து. வயது அறுபத்து மூன்று. தூத்துக்குடியில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார், சீடர் குருவை ‘சாமி’ என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆகும்.

வெயிலுமுத்து மீனையும் கறியையும் விட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவர் பஸ் எந்தப் புரோட்டாக் கடை வாசலில் நின்றாலும் கடைக்காரரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து சால்னா ஊற்றுவார். அப்படித் தின்றவர் ஒரே நாளில் விட்டார். விட்டது பெரிய காரியம்தான். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததையும் மன்னித்துவிடலாம், புதுச் செருப்பு வாங்கியவன் கொஞ்ச நாள் காலைப் பார்த்துத்தானே நடப்பான்.

ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. முதல் மூன்று வருஷம் அவர் மனைவி செண்பகவடிவு புறவாசலில் தனியாக அடுப்பு மூட்டி, மீன் வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் சாப்பிடும் நேரத்தில் வெயிலுமுத்து அந்தப் பக்கம் திரும்பமாட்டார். நாலாவது வருஷம், வாசலில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதிப் போட்டிருந்த ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு வீடு பார்த்தார். வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நெஞ்சை நிமிர்த்தி, “சுத்த சைவம்” என்றார். மீன் புழங்கிய பாத்திரங்களைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று.

வடிவு அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“மார்க்கெட்டு தூரமாப் போயிருமே.”

“மார்க்கெட்டுல உனக்கு இனிமே என்ன சோலி?” என்றார் வெயிலுமுத்து.

அதற்குப் பிறகு அவள் மீன் பேச்சே எடுக்கவில்லை. காம்பவுண்டில் எல்லோரும், “அய்யாவப் பாத்து அம்மாவும் விட்டுட்டாவ” என்று மெச்சினார்கள். வடிவு சிரிப்பாள். வெயிலுமுத்துவுக்குக் காலர் ஒரு அங்குலம் உயரும்.

போன ஆவணியில் வடிவு போய்ச் சேர்ந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. பிள்ளைகள் கிடையாது. வெயிலுமுத்து ஒரு ஆளுக்கு அரிசி களைந்து, ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். உப்புப் போட மறந்ததைக்கூட எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த வீட்டில் தனக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை, அவருக்கு அது பயமாகவே இருந்தது.

இப்போது வருஷம் திரும்பிவிட்டது. வரும் வியாழக்கிழமை திதி. வடிவின் தம்பி சுயம்பு சாத்தான்குளத்திலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

“அக்கா இலையில மீனு இல்லன்னா நாங்க யாரும் வரல, அத்தான்.”

மீன் வைத்தால் வீட்டுக்காரர் மறுநாளே சாவியைக் கேட்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பதினோரு வருஷமாகக் காத்துவந்த அடுப்பில் மீன் ஏறுமே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் மடத்துக்குப் போனார்.

சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“சொல்லுங்க சாமி. செத்தவளுக்கு மீன் வைக்கலாமா, கூடாதா?”

“எந்த மீன்?” என்றார் சாமி.

“மீனுன்னா மீனுதான், சாமி.”

“கடல்ல ஒரு மீனா இருக்கு, அண்ணாச்சி? படையல்னா அவங்களுக்குப் பிடிச்சதைத்தானே வைப்பாங்க. அவங்களுக்கு எந்த மீன் பிடிக்கும்?”

வெயிலுமுத்து யோசித்துப் பார்த்தார். பழைய நாளில் சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு எல்லாம் அவர் தட்டுக்கு வரும். அது அவருக்குப் பிடித்த மீன். அவள் பிறகு சாப்பிடுவாள். எதைச் சாப்பிடுவாள்? தலையா, வாலா? முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியவில்லை.

“சீலாவா இருக்கும்” என்றார் மெதுவாக.

“இருக்குமா, இருக்கா?”

“தெரியல சாமி.”

“வைக்கலாமா கூடாதாங்கிறதை அப்புறம் பாப்போம். மொதல்ல அது என்ன மீனுன்னு கேட்டுட்டு வாங்க.”

“யாருகிட்ட கேக்க?”

சாமி வேட்டியைப் பிழிந்தார்.

“தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க” என்றார்.

வெயிலுமுத்து முதலில் சுயம்புவுக்குப் போன் போட்டார்.

“எக்கா சின்னப் பிள்ளையில எல்லா மீனும்தான் தின்னா. பெறகு உங்க வீட்டுக்கு வந்துட்டா. என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்?” என்றான் சுயம்பு. குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான், அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

அப்புறம் அவருக்குப் பிரகாசி நினைவுக்கு வந்தாள். பழைய வீட்டுத் தெருவில் தலையில் கூடை வைத்து மீன் விற்றவள். வடிவு அவளிடம்தான் வாங்குவாள். இப்போது மார்க்கெட்டில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலையில், மேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தார். பத்தடி போனதும் துண்டை எடுத்துவிட்டார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரகாசி அவரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

“வாங்க அண்ணாச்சி. எப்பிடி இருக்கிய?”

“இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க வடிவுக்கு எந்த மீனு பிடிக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்கா? உன்கிட்ட வாங்குறத விட்டு எட்டு வருசம் ஆச்சு, இருந்தாலும்…”

“காரப்பொடி” என்றாள் பிரகாசி. யோசிக்கவே இல்லை. “அந்தப் பொடி மீன மாங்கா போட்டுத்தான் வைக்கணும். சோத்துல பிசையமாட்டா. ஒவ்வொண்ணா எடுத்து, முள்ளு உருவி, பேசிக்கிட்டே திம்பா. ஒரு சட்டி காலியாவ ஒரு மணி நேரம் ஆவும்.”

“நல்லா ஞாபகம் வச்சிருக்கியே.”

“என்ன அண்ணாச்சி, போன வருசம் ஆடி வரைக்கும் புதன்கிழமைக்குப் புதன்கிழமை எங்க வீட்டுலதான சாப்பிட்டா.”

வெயிலுமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. புதன்கிழமை மதியம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, “காலாற நடந்துட்டு வாரேன்” என்று வடிவு கிளம்புவாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் இரண்டாவது தடவை குளிப்பாள். வெயிலில் நடந்த புழுக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரகாசி பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு சந்து தள்ளி, கடலைப் பார்த்த வீடு. வாசற்படியிலேயே நின்றுகொண்டார் வெயிலுமுத்து. உள்ளே அடுப்பு மேட்டில் ஒரு மண்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. விளிம்பில் சின்ன உடைசல்.

“அது அவ சட்டி. வீடு மாறுன அன்னைக்குச் சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்தா. பழைய சாமான்காரனுக்கு இதை மட்டும் போட மனசு வரலன்னு சொன்னா” என்றாள் பிரகாசி.

வெயிலுமுத்து சட்டியையே பார்த்தார்.

“என்னை ரொம்ப வைதிருப்பா.”

“அவளா? ஒரு வார்த்த சொல்லமாட்டா. நாங்க ஒரு கூட்டமே இருப்போம்லா. நான், என் மருமவ, பக்கத்து வீட்டு ரோசாரி. ஒரே சிரிப்பாக் கெடக்கும். போற நேரத்துல மட்டும் முகம் ஒருமாதிரி ஆயிரும். ‘அவிய தனியா உக்காந்து சாப்பிட்டிருப்பாவ, பாவம்’ம்பா.”

வெயிலுமுத்து நிலைக்காலைப் பிடித்துக்கொண்டார். இத்தனை காலமும் அவளைத்தான் தனியாக உட்கார வைத்ததாக நினைத்திருந்தார், அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டும் இருந்தார். அவள் தனியாக இருக்கவில்லை. அந்தக் காம்பவுண்டு வீட்டில் தனியாகச் சாப்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான். அவள் செத்த பிறகு வந்ததென்று அவர் நினைத்த தனிமை, அவள் இருக்கும்போதே வந்து பாயை விரித்துப் படுத்திருக்கிறது.

“வியாழக்கிழம வருசம்லா” என்றாள் பிரகாசி. “நாங்க வேதக்காரவ, மாதா கோயிலுக்குப் போறவிய, எங்களுக்குள்ள படையலு கெடயாது. ஆனா பதினாறாம் நாளு மனசு கேக்காம இங்கன ஒரு இலை போட்டேன். வியாழக்கிழமயும் போடலாம்னு இருக்கேன். மதியம் பன்னெண்டு மணிக்கு. நீங்க வந்தா அவளுக்கு நல்லாருக்கும்.”

வெயிலுமுத்து கும்பிட்டுவிட்டு நடந்தார். கடற்கரை ரோட்டில் வீடு வரை அவ்வளவு தூரமும் நடந்தே போனார். அந்த வழியாகத்தான் அவளும் வாராவாரம் நடந்திருப்பாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அறுபது வயதை ஒட்டியவள் ஒரு சட்டி மீனுக்காகவும் நாலு வார்த்தைப் பேச்சுக்காகவும் இந்த வெயிலில் வந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது. துண்டால் துடைத்தார், துண்டில் மீன் வாசம் அடித்தது. அவருக்கு அது தப்பாகத் தோன்றவில்லை.

மடத்துக்கு வந்து சேரும்போது சாயங்காலம். சாமி உதிர்ந்து கிடந்த வேப்பம்பழங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“காரப்பொடி, சாமி” என்றார் வெயிலுமுத்து. பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

சாமி கேட்டுக்கொண்டே கூட்டினார்.

“உங்க வீட்டுல படையல் வைக்கலாமான்னு கேட்டீங்களே.”

“எங்க வீட்டுல வச்சா அவ வரமாட்டா சாமி. அங்கதான் வருவா.”

“அப்ப சுயம்புகிட்ட அந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்திருங்க.”

“கொடுத்துருதேன். நான்?”

சாமி பழங்களை ஓர் ஓரமாகக் குவித்தார்.

“நான் போகணும்னுதான் இருக்கு. ஆனா படைச்ச இலையில மொத வாய் புருசன்தான் எடுத்துச் சாப்பிடணும், அதுதான் எங்க முறை. பதினோரு வருசத்து விரதம். அதை முறிக்கவும் மனசு வரல, போகாம இருக்கவும் மனசு வரல. பாவியாப் போனாலும் போறேன், நீங்க சொன்னா சாப்பிட்டுருதேன். சொல்லுங்க சாமி. சாப்பிடட்டா, வேண்டாமா?”

சாமி விளக்குமாற்றை மரத்தில் சாய்த்து வைத்தார்.

“உங்களைச் சாப்பிட யாரு சொன்னா, அண்ணாச்சி?” என்றார். “அவங்க சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துல இருங்க.”