நிறுத்தான்குளத்தார் படிப்பை எடை போட்ட கதை

நிறுத்தான்குளம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று தெரிந்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தால் முதலில் உங்களை எடை போடுவார்கள். அப்புறம்தான் உட்காரச் சொல்வார்கள்.

எடை போடாமல் எதற்கும் காசு கொடுக்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் சரி. முடிவெட்டினாலும், வெட்டிய முடியைக் கூட்டி அள்ளி எடை போட்டுத்தான் கூலி. அதனால் சலூன்காரர் வந்தவர் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுப்பார். ஒரு கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், வாசிக்கும் முன்னும் வாசித்த பின்னும் நாதஸ்வரத்தை எடை போட்டார்கள். எச்சில் சேர்ந்து பத்து கிராம் கூடியிருந்தது. பத்து கிராமுக்கு உண்டானதைக் கொடுத்து, வெற்றிலை பாக்கும் வைத்து மரியாதையாக அனுப்பினார்கள். அந்த மனுஷன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊரின் தொடக்கப்பள்ளிக்குத்தான் தங்கபுஷ்பம் டீச்சர் வந்து சேர்ந்தாள். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. ஒரே ஒரு டீச்சர், பதினேழு பிள்ளைகள், மழை வந்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டிய கூரை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அதுகளைப் பார்த்த முதல் நாளே, இனி எங்கேயும் மாற்றல் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். கூரைக்குப் பத்து ஓடும் ஒரு பெட்டி சாக்பீஸும் வேண்டும் என்று ஊரைக் கேட்டாள். பள்ளிக்கூட வரி கூடிப்போச்சு என்று ஊருக்குத் தாள் வந்த அதே வாரத்தில் கேட்டாள் பாருங்கள், அங்கேதான் வினை.

அன்றைக்கே வரி கட்டுவோர் சங்கம் என்று ஒன்று முளைத்தது. தலைவர் ஆவுடையப்பன், வாழைத்தோப்புக்காரர், ஊரில் முதல் ஆளாகப் பந்தியில் உட்காருகிறவர். அடுத்தவர் இசக்கி, வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஊரின் ஒரே பெரிய எடை மெஷின் அவருடையது. மூன்றாவது நம்பிராசன். ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். அவருக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம்.

"எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல. வரி மட்டும் இருக்கு" என்றார் நம்பிராசன். "என் துட்டுக்கு யாரு படிக்கா?"

"அத விடும் வே" என்றார் ஆவுடையப்பன். "மொத்தத்துல நாம கட்டுற துட்டுக்கு என்ன சரக்கு வந்துச்சு? அதச் சொல்லட்டும் டீச்சர். அப்புறம் கூரை ஓட்டைப் பத்திப் பேசுவோம்."

தங்கபுஷ்பம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "அண்ணாச்சி, படிப்புக்கு எடை கிடையாது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடையே இல்லாத சரக்குக்கா இம்புட்டு நாளும் துட்டு கட்டியிருக்கோம்?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் இசக்கி.

"சைக்கிள் கடையில காத்துக்குத் துட்டு குடுக்கோம்லா" என்றார் நம்பிராசன். "காத்துக்கு என்ன எடை?"

"அவன் டியூப்ல அடைச்சுத் தாரான். இவுக எதுல அடைச்சுத் தாராக?" என்றார் இசக்கி.

"பிள்ளைகள்ல" என்றார் நம்பிராசன்.

"அப்ப பிள்ளைகள எடை போடு!" என்றார் ஆவுடையப்பன். அத்தோடு சங்கத்தின் முதல் தீர்மானம் நிறைவேறியது.

முதல் திங்கட்கிழமை காலையில் எடை மெஷின் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து இறங்கியது. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆவுடையப்பன் முதலில் ஏறினார். அறுபத்தெட்டு கிலோ. பதினேழு பிள்ளைகளும் சேர்ந்து முந்நூற்று ஐம்பத்தேழு. சரக்கு கிளம்புகிற இடமும் தெரிய வேண்டும் என்று டீச்சரையும் ஏற்றினார்கள், நாற்பத்தேழு. எல்லாவற்றையும் கரித்துண்டால் சுவரில் எழுதினார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி எடை போடுவது, பிள்ளைகள் எடை கூடவில்லை என்றால் பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது, பூட்டின கட்டடத்தில் இசக்கியின் வெங்காய மூட்டைகளை அடுக்குவது என்று முடிவானது.

பள்ளிக்கூடத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் தங்கபுஷ்பம் ஒரு தப்புச் செய்தாள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை எடுத்து, "இதுல உள்ளபடி ஊர்க்காரங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா நல்லாயிருக்கும், அண்ணாச்சி" என்று அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். தானாகப் போய் வேலியில் கிடந்ததை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

'ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்' என்று அதில் முதல் வரி இருந்தது.

மறுநாள் காலையில் வகுப்பறையில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஒருத்தன் பிள்ளையார் கோயிலில் இருந்தான். ஒருத்தி குளத்தங்கரையில். ஒருத்தன் பஸ் நிறுத்தத்தில், ஒருத்தன் ரேஷன் கடை வாசலில், ஒருத்தி ஆவுடையப்பன் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் என்று பதினேழு பேரையும் பதினேழு இடத்தில் சங்கம் உட்கார வைத்திருந்தது.

"தனித்தனியா வச்சாச்சு. நீங்க கவனிங்க" என்றார் நம்பிராசன்.

தங்கபுஷ்பம் ஓடினாள். கோயிலில் ஒரு 'அ' சொல்லிக்கொடுத்துவிட்டுக் குளத்தங்கரைக்கு ஓடினாள். அவள் எங்கேயாவது நின்று மூச்சு வாங்கிவிடக் கூடாதே என்று நம்பிராசன் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். பதினேழாவது பிள்ளையிடம் போய்ச் சேரும்போது நாலு மணி ஆகியிருக்கும். 'ஆ' மறுநாளைக்கு.

சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. 'சத்துணவை ருசி பார்த்த பின்பே பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும்.' அந்தப் பொறுப்பைத் தலைவரே ஏற்றுக்கொண்டார்.

"சட்டியில ஒரு கரண்டி பாத்தா போதும், அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

"அது எப்படிம்மா? சட்டியில இருக்கது வேற, தட்டுல விழுந்தது வேற. பதினேழு தட்டையும் பாத்தாத்தான் என் மனசு ஆறும்."

"முட்டையுமா?"

"ஒரு முட்டை நல்லாயிருக்குன்னா அடுத்த முட்டையும் நல்லாயிருக்கும்னு நீங்க எழுதித் தருவீகளா?"

அவள் எழுதித் தரவில்லை. ஆவுடையப்பன் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கை சோறும், ஒவ்வொரு முட்டையிலும் பாதியும் ருசி பார்த்தார். பாதியில் ருசி பிடிபடாத முட்டைகளை முழுசாகப் பார்த்தார். வரி கட்டுகிறவனுக்கு எவ்வளவு பாடு பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையாவது படுத்துக் கிடக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. மாசத்துக்கு முப்பது நாள் சம்பளம் என்றால் முப்பது நாளும் பாடம் நடக்க வேண்டும் என்று நம்பிராசன் பிடித்த பிடியில் நின்றார். பிள்ளைகள் யாரும் வரவில்லையே என்றதற்கு, "பாடம் நடத்தத்தானே சம்பளம்? கேக்கதுக்கு ஆள் இருக்கணும்னு ஒண்ணும் எழுதலியே" என்றார். ஆகவே ஞாயிறுதோறும் தங்கபுஷ்பம் காலி பெஞ்சுகளுக்குக் கூட்டலும் கழித்தலும் நடத்தினாள். நம்பிராசன் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பெஞ்சு பாடத்தைக் கவனிக்கவில்லை என்று ஒரு தடவை புகாரும் எழுதினார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட வாசலில் வெங்காய லாரி தயாராக வந்து நின்றது. மூட்டைகளைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எடை குறையும் என்று அடக்கிக்கொண்டாள்.

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ஆனால் தண்ணீர் கொடுக்கத் தெரியும். எடை போடக் கால் மணி நேரம் இருக்கும்போது பதினேழு பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு இரண்டு செம்பு தண்ணீர் குடிக்க வைத்தாள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும், ஆவுடையப்பன் மட்டும் "எடை போடுமுன்ன ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்" என்று எழுந்திருக்காவிட்டால்.

வரிச்சுமையைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசினார். பத்தாவது நிமிஷம் முதல் பிள்ளை ஒற்றை விரலைக் காட்டியது. ஐம்பதாவது நிமிஷத்துக்குள் பதினேழும் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டன. தங்கபுஷ்பம் அந்தப் புளியமரத்தைப் பார்த்த பார்வையில் அது பட்டுப்போகாமல் இருந்ததே பெரிசு.

போன தடவை மாதிரியே மெஷினைச் சரிபார்க்க ஆவுடையப்பன் முதலில் ஏறினார். "எழுபத்தெட்டு" என்றார் இசக்கி. அது வெறும் சரிபார்ப்புதானே என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்பிராசன் மட்டும் சுவரில் எழுதினார். அடுத்துப் பிள்ளைகள் ஏறினார்கள். மொத்தம் முந்நூற்று ஐம்பது. டீச்சர் நாற்பத்து நாலு.

"கூடலையே! குறைஞ்சுல்லா போச்சு!" என்றார் இசக்கி. "துட்டையும் கட்டி, இருந்ததையும் தொலைச்சிருக்கோம். சாவியக் குடுங்க டீச்சர், லாரி நிக்கி."

தங்கபுஷ்பம் மடியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"பொறும் வே" என்றார் நம்பிராசன். அவர் சுவரைப் பார்த்து விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளுக்கு நடந்த கழித்தல் பாடம் அவருக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பிள்ளைகள்ட்ட ஏழு கிலோ போச்சு. டீச்சர்ட்ட மூணு. ஏழும் மூணும் பத்து. பத்து கிலோ சரக்கு எங்க வே போச்சு?"

"அதானே!" என்றார் இசக்கி. "காணாமப் போன சரக்கு எங்கயாவது இருக்கணுமே."

நம்பிராசன் சுவரில் முதல் வரிக்கு வந்தார். "அறுபத்தெட்டு... எழுபத்தெட்டு."

எல்லோரும் திரும்பினார்கள். ஆவுடையப்பன் அப்போதுதான் அன்றைய சத்துணவில் பதினாறாவது முட்டையை முடித்துப் பதினேழாவதைக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி!" என்றார் நம்பிராசன், கையெடுத்துக் கும்பிட்டு. "பதினேழு பிள்ளைக படிப்பையும் நீரே படிச்சுட்டீரே!"

ஆவுடையப்பன் மெல்லத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அதான் பத்து நாளா நெஞ்சக் கரிச்சுக்கிட்டே இருந்துச்சா? நான் முட்டைன்னுல்லா நெனச்சேன்."

படிப்பைத் திரும்ப வாங்க முடியுமா என்று விவாதம் நடந்தது. வாந்தி எடுக்க வைத்துப் பார்க்கலாம் என்றார் நம்பிராசன். உள்ளே போன சரக்கைத் திருப்பி எடுக்கிற பழக்கம் தன் மண்டியில் கிடையாது என்றார் இசக்கி.

அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஒரு மாதமாக அவள் இவர்களிடம் நியாயம் பேசியிருந்தாள். அதுதான் பிசகு. சாவியை மறுபடி மடியில் செருகினாள்.

"அப்ப பிள்ளைகளுக்கு இன்னும் சரக்கே வந்து சேரலியே, இசக்கி அண்ணாச்சி" என்றாள். "துட்டு கட்டியாச்சு. சரக்கு கைக்கு வரும் முன்ன கடையப் பூட்டினா நஷ்டம் யாருக்கு?"

வியாபாரி அல்லவா, இசக்கிக்கு உடம்பே ஆடிப்போயிற்று. "ஏயம்மா! துட்ட வாங்கிக்கிட்டு கடையப் பூட்டிட்டுப் போகலாம்னு பாக்கீகளா? அதெல்லாம் எங்கிட்ட நடக்காது! பதினேழு பிள்ளைக்கும் சரக்கு முழுசா இறங்குத வரைக்கும் பள்ளிக்கூடம் தொறந்துதான் இருக்கணும்!" என்று சத்தம் போட்டவர், தானே லாரியில் ஏறி வெங்காயத்தை வந்த வழியே திருப்பிக் கொண்டுபோனார்.

இனி ஆவுடையப்பனை என்ன செய்வது? பள்ளிக்கூடத்துப் பக்கம் விட்டால் மிச்சப் படிப்பையும் உறிஞ்சிவிடுவார். சும்மா வீட்டில் வைத்தாலோ உள்ளே இருக்கிற படிப்பு வீணாகிவிடும். வெங்காயமாக இருந்தால் இந்நேரம் முளைவிட்டிருக்கும். ஊர் வரிப்பணம். யோசித்து யோசித்து, அஞ்சாம் வகுப்பு முடித்தவர் அடுத்து ஆறாம் வகுப்புக்குப் போவதுதான் முறை என்று சங்கம் தீர்மானித்தது. அதற்குத் தலைவரும் கையைத் தூக்கினார்.

தங்கபுஷ்பம் சான்றிதழ் எழுதினாள். நிறுத்தான்குளத்துக்கு வந்ததிலிருந்து அவள் இவ்வளவு மனநிறைவோடு எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. திங்கட்கிழமை மத்தியானம் பதினேழு பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு முழு முட்டையைச் சாப்பிட்டார்கள்.

அதே திங்கட்கிழமை காலையில் ஆவுடையப்பன் காக்கி அரைக்கால் டவுசரும் வெள்ளைச் சட்டையுமாகத் தயாரானார். அவர் பெண்சாதி தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தாள். இசக்கியும் நம்பிராசனும் பெற்றோர் ஸ்தானத்தில் கூடவே பஸ் ஏறினார்கள்.

டவுன் உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "பையன் எங்க?" என்றார்.

இசக்கி பின்னால் நின்ற ஆவுடையப்பனை முன்னால் தள்ளிவிட்டார். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"வயசு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார்.

"எழுபத்தெட்டு கிலோ, சார். டவுசரக் கழிச்சா எழுபத்தேழே முக்கால்."