மரத்தூசியும் மூடிய ஜன்னலும்

"இந்த ஃபேன் என்னைக் கவுத்திருச்சு டீச்சர்" என்றார் தவமணி அண்ணாச்சி.

நாற்பது வருஷம் எண்ணெய்க் கடையில் உட்கார்ந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, அறுபதாவது வயதில் மரவேலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் உடும்புப்பிடி. அடுப்பங்கரைக்குப் பின்னாலிருந்த சாமான் அறை பட்டறையாகிவிட்டது.

வேலை கற்றுக்கொடுத்தவர் அமலோற்பவம் டீச்சர். அண்ணாச்சியைவிட இருபது வயது இளையவர், பேச்சு குறைவு.

டீச்சர் உள்ளே வந்ததும் அண்ணாச்சி அவசரமாகக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் ஒரு பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் காது கிழியச் சுற்றியது. தூசி அந்தரத்தில் அப்படியே நின்றது.

"கரண்ட் சாமான் கடையில இருந்ததிலயே பெரிய ஃபேனு. ஓடத்தான் செய்யுது. தூசி போக மாட்டேங்குது."

"வீட்ல அக்காவைக் காணோமே?"

அண்ணாச்சியின் குரல் இறங்கியது.

"பேச்சிக்கனி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. இந்தக் கதவைத் திறக்கிறப்பல்லாம் தூசி அடுப்பங்கரைக்கு வந்து மூச்சு முட்டுதாம். இது ஒழியாம வர மாட்டேன்னுட்டா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல இப்பிடிப் போனதில்ல டீச்சர்."

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த ஜன்னல்?"

ஃபேனுக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். அதன் இடுக்கு முழுக்கத் துணியைத் திணித்து அடைத்திருந்தார்.

"காத்து வந்தா தூசியைக் கிளப்பிவிடும்ல. நானே அடைச்சேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது." அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மரத்துக்குப் பூசுகிற ஆளி விதை எண்ணெய் டின் ஒன்று அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தது. டீச்சர் அதை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் ஊத்திக் குடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு இது தூக்கத்திலும் வருகிற வேலை. டின்னின் ஒரு மூலையில் ஆணியை வைத்து ஒரு தட்டு. எதிர் மூலையில் இன்னொரு தட்டு. சாய்த்தார். எண்ணெய் நூல் பிடித்த மாதிரி கிண்ணத்தில் இறங்கியது.

"ஊத்துறது ஒரு ஓட்டையில. இன்னொண்ணு எதுக்கு?"

"இது தெரியாதா டீச்சர்? காத்து உள்ள போகணும்ல. அது உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய..."

அண்ணாச்சி நிறுத்தினார்.

டின்னைக் கீழே வைத்தார்.

ஜன்னலுக்குப் போய்த் துணியை எல்லாம் பிடுங்கிப்போட்டு, இரண்டு கதவையும் தள்ளினார். வெளிக்காற்று முகத்தில் பட்டது. அந்தரத்தில் நின்ற தூசி மெல்ல ஃபேன் பக்கம் சாய்ந்தது, பிறகு மொத்தமாக வெளியே போயிற்று.

"அடுப்பங்கரைக் கதவு சாத்தியே இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு வேலை பாருங்க" என்றார் டீச்சர்.

அண்ணாச்சிக்கு வெட்கமாகிவிட்டது. "நாப்பது வருஷமா நான் செஞ்ச வேலை. நீங்க வந்து காட்ட வேண்டியிருக்கு."

"இதுக்கு முன்னாடி யாரும் சொல்லலியா?"

அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேச்சிக்கனி சொன்னா. ஆறு மாசமா சொன்னா. ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்கன்னு. உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன்."

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப மீதிப் பாடத்தை அவங்ககிட்டப் போய்க் கேட்டுக்கங்க, அண்ணாச்சி."