சும்மா இருக்கச் சொன்ன மோடம்

கூரைப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே இல்லை. எடுத்துச் செலவழிக்கத்தான் ஆளில்லை. அந்த ஊரின் கெட்டிக்காரி பொற்கொடி. அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் அவளேதான்.

அன்றைக்கு அவள் மகளுக்குக் காதுகுத்து. கத்தாரில் இருக்கும் புருஷன் கதிரேசன் பிள்ளையின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. இன்றைக்காவது வீடியோவில் பார்த்துவிடத் துடித்தான். செல்போன் டவர் எட்டாத ஊர். வீட்டு மோடத்தில் வைஃபையும் செத்துக் கிடந்தது. அதனால் புது ரௌட்டர் வாங்கி அனுப்பியிருந்தான். இரண்டையும் சேர்க்கும் வழியை லேண்ட்லைனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"மோடம் இனிமே சும்மா இருக்கட்டும் புள்ள. லைனை மட்டும் கடத்தி விட்டாப் போதும். பாஸ்வேர்டை ரௌட்டர்ல போட்டுரு."

பொற்கொடி ஒப்பித்ததும், அவள் அண்ணன் மருதையன் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினான்.

"என்னண்ணே இது?"

"சும்மா இருக்கிறவனுக்கு எதுக்கும்மா கரன்ட்டு?"

"அப்ப உனக்கு எதுக்கு மூணு வேளை சோறு?"

"நான் தாய்மாமன். பதவியில இருக்கேன்."

நியாயம்தானே! பொற்கொடி பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, ரௌட்டரின் காற்றுத் துவாரத்துக்குள் பத்திரமாகப் போட்டாள்.

"போட்டாச்சுங்க!"

"கெட்டிக்காரி! போன்ல இருக்கிற ஒயரைக் கழற்றி மோடத்துல மாட்டு. மாட்டினதும் சொல்லு."

கழற்றினாள், மாட்டினாள். "மாட்டிட்டேங்க!" என்றாள். ரிசீவரில் மூச்சுப் பேச்சில்லை.

"கோவிச்சுக்கிட்டாரோ?"

"நீ சொன்னது காதுல விழலபோல. சொல்லாம விட்டா மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை?" என்றான் மருதையன்.

சொல்வதற்காக ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கிப் போனிலேயே செருகினாள். உடனே மணி அடித்தது.

"மாட்டினியா?"

"மாட்டினேங்க. மாட்டினதைச் சொல்லத்தான் கழற்றினேன்."

"சரி, மறுபடி மாட்டிட்டுச் சொல்லு."

மாட்டினாள், சொல்வதற்காகக் கழற்றினாள். இப்படியே இருவரும் சளைக்காமல் குடும்பம் நடத்தினார்கள்.

காது குத்த வந்த ஆசாரி கடுப்பானார். "நல்ல நேரம் முடியப்போகுது தாயி! குத்தவா, கிளம்பவா?"

பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைப் பார்க்காமல் அந்த மனுஷன் என்ன பாடுபடுவார்! சட்டென்று மூளை வேலை செய்தது. ஒயரைப் போனிலேயே விட்டுவிட்டு, தாய்மாமன் மடியில் இருந்த பிள்ளையின் முகத்துக்கு நேராக ரிசீவரைப் பிடித்தாள்.

"குத்தப்போறாங்க, நல்லாப் பாருங்க!"

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது.

"தெரியுதாங்க?"

"ஒரே இருட்டா இருக்கே. லைட்டைப் போடு!"

மருதையன் எக்கி, கூடத்து விளக்கைப் போட்டான்.

"இப்பங்க?"

கத்தாரில் கதிரேசன் பூரித்துப்போனான். "இப்ப பளிச்சுன்னு தெரியுது புள்ள. அப்படியே என் ஜாடை!"