பாதிச் சுவரில் நின்ற வேலை

அலகி மரப்பொந்தின் வாசலை உள்ளிருந்து மண்ணால் பூசிக்கொண்டிருந்தாள். அவள் ஓர் இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்வாள். அலகு நுழைய ஒரு கீற்று மட்டும் விடுவாள். மூன்று மாதம் அந்தக் கீற்று வழியாகப் புருஷன் கொடுப்பதுதான் அவளுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

புருஷன் மஞ்சளன் வெளியே நின்று மண்ணுருண்டை கொடுத்தான். பாதிச் சுவரில் அலகி வேலையை நிறுத்திவிட்டாள்.

“என்னங்க, ஓடைக்கரை மிளாக்காவைப் பார்த்துட்டு வந்து மிச்சத்தைப் பூசலாம்!”

மிளாக்கா பெரிய காதுள்ள மான். ஒத்துப்போகாத ஜோடிகளை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுவாள்.

மஞ்சளனுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. “நம்ம சண்டையை அந்தக் காதுக்காரிகிட்டச் சொல்லணுமா? காடே சிரிக்கும்!”

“சிரிக்கட்டுமே! போன வருஷம் நம்ம குஞ்சு செத்தப்போ காடா வந்து அழுதுச்சு?”

போன வருஷம், “தினமும் அத்திப்பழம்தானா? குஞ்சுக்கு ஒரு பல்லி பிடிக்கத் துப்பில்லையா?” என்று அவள் உள்ளிருந்து கத்தினாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது குஞ்சின் சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“எனக்கு மட்டும் வலிக்கலையா?” என்றான் மஞ்சளன் மெல்ல. “இப்பவும் பல்லியைப் பார்த்தா குஞ்சு ஞாபகம்தான் வருது.”

அலகி திகைத்தாள். “ஒரு வருஷமா இதை ஏன் சொல்லலை?”

“நீ எங்கே பேச விட்டே?”

“அதுக்குத்தான் மிளாக்கா! அங்கே ஒருத்தர் பேசும்போது மத்தவர் அலகில அத்திப்பழம் வச்சிருக்கணுமாம். குறுக்கே பேசினா பழம் விழுந்துடும்!”

மஞ்சளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கு அத்திப்பழம் பத்தாது. பலாப்பழம்தான் வைக்கணும்!”

“வைங்க! ஆனா அங்கே போகாம இந்தச் சுவரை நான் முடிக்க மாட்டேன்.”

மஞ்சளன் பாதிச் சுவரைப் பார்த்தான். மண்ணுருண்டையைக் கீழே போட்டான். விருட்டென்று பறந்துவிட்டான்.

மறுபடியும் கோபமா? போன வருஷம் போல வராமலே இருந்துவிடுவானோ என்று அலகி பயந்தாள். ஆனாலும் அவள் மண்ணைத் தொடவில்லை. சுவரைத் தாண்டி வெளியே வந்தாள்.

பக்கத்துக் கிளையில் இருந்த கிளி கழுத்தை நீட்டியது. “என்னடி அலகி, புருஷன் போயிட்டானா? மிளாகிட்டப் போற அளவுக்கா சண்டை?”

எப்போதும் கிளியைக் கண்டால் தலை குனிகிற அலகி, அன்று நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா, சண்டைதான்! இந்தக் காட்டுல சண்டை போடாத ஜோடி எது? நாங்க பிரியறதுக்குப் போகலை. இந்த வருஷம் எங்க குஞ்சு...”

“அலகி! கிளியோட என்ன பேச்சு?” ஓடைக்கரை மரத்திலிருந்து மஞ்சளன் கூப்பிட்டான். அவன் காலடியில் இரண்டு அத்திப்பழங்கள் இருந்தன. “சீக்கிரம் வா! பெரிய பழம் உனக்கு!”

வாசலை அடைத்தபின் கத்துவதைவிட, அடைக்கும் முன்னே ஒருவரை நடுவில் வைத்து மனம்விட்டுப் பேசுவதே குடும்பத்தைக் காக்கும்.