அமைச்சர் தோப்பில் முளைத்த குழி

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்கு ஏழு அடுக்கு வசந்த மண்டபம் கட்டும் ஆசை வந்தது. கஜானாவிலோ எலி ஓடியது. கடல் கடந்த வணிகர் ஒருவரிடம் கடன் வாங்கினார். தவணை வந்ததும் நிதியமைச்சர் அனந்தகீர்த்தி இன்னொரு வணிகரிடம் வாங்கி அதை அடைத்தார். அதை அடைக்க மூன்றாமவர் வந்தார். மூன்று ஆண்டு இப்படியே போயிற்று. மண்டபம் மட்டும் அரண்மனை வாசலில் அஸ்திவாரக் குழியாகவே கிடந்தது.

நான்காவது வணிகர் பெரிய ஏரியை அடமானம் கேட்டார். மறுநாள் முத்திரை வைப்பதாக முடிவாயிற்று. அதைத் தடுக்க அரண்மனை விகடன் மருதையன் எழுந்தான். அறுபது ஊர் வயலுக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான். அவன் ஊரும் அதில் ஒன்று.

அவன் வாய் திறக்கும் முன் அமைச்சர் முந்திக்கொண்டார். மருதையன்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"மன்னா! வணிகர் வரும்போது வாசலில் குழி கிடந்தால் நம் மானம் போகும். கெட்டிக்கார மருதையன் விடிவதற்குள் மூடட்டும். கோட்டைக்கு வெளியிலிருந்து ஒரு கூடை மண்ணும் வரக்கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் மன்னர்.

"கோட்டைக்குள் எங்கே வேண்டுமானாலும் மண் எடுக்கலாமா பிரபு?" என்று கேட்டான் மருதையன்.

"எடுத்துக்கொள்."

காலையில் வாசல் குழி இருந்த இடமே தெரியவில்லை. அமைச்சர் அவிழ்ந்த தலைப்பாகையோடு சபைக்கு ஓடிவந்தார்.

"மன்னா! என் மாந்தோப்பில் யானை விழும் அளவுக்குக் குழி!"

"பதறாதீர்கள் ஐயா," என்றான் மருதையன். "நாளைக்கே மூடிவிடுவேன். அரசியாரின் நந்தவனத்தில் இடம் அளந்துவிட்டேன். அதை மூட இந்தச் சபா மண்டபம்."

மன்னர் தம் காலடித் தரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாசல் குழி இவ்வளவு பெரிதில்லையே?"

"மண் சுமந்தவர்கள் பத்துக் கூடைக்கு ஒரு கூடையைக் கூலியாக எடுத்துக்கொண்டார்கள் பிரபு. அடுத்த குழி இன்னும் பெரிதாக வரும்."

"குழியை மூடக் குழி வெட்டுவதா? எந்த மடையன் சொல்லிக்கொடுத்தான்?"

மருதையன் அமைச்சரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டான். "மூன்று ஆண்டாகச் சபையில் பார்த்துக் கற்றதுதான் பிரபு."

மன்னர் முத்திரை மோதிரத்தை மடியில் செருகிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற வணிகரைத் திருப்பி அனுப்பினார். மண்டபத்துக்காகக் குவித்த கல்லையும் தேக்கையும் விற்றுக் கடனைத் தீர்க்க ஆணையிட்டார்.

"தோப்புக் குழியை அமைச்சரே மூடட்டும். வெளி மண் கூடாது. மருதையா, உனக்கு நூறு பொன்!"

"சொந்தப் பொன்னா பிரபு, வாங்கிய பொன்னா?"

மன்னர் மறுபடியும் சிரித்து, தம் காதுக் கடுக்கனைக் கழற்றி அவன் கையில் வைத்தார்.